தலைமையாசிரியர் பணியிடம் காலியானால் பள்ளி எதை இழக்கிறது?

ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதவருக்குப் பதவி உயர்வு இல்லை, ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் இருப்பவர் பணியில் தொடரவும் அதில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, தமிழ்நாட்டின் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே முதலில் எழுந்த கேள்வி, வேலை நிலைக்குமா என்பதுதான். அதை ஒட்டி எழ வேண்டிய இன்னொரு கேள்வி பொதுவெளியில் அவ்வளவாகப் பேசப்படவில்லை. பதவி உயர்வு தடைபட்டால் தலைமையாசிரியர் நாற்காலிகளில் அமரப்போகிறவர்கள் யார்? பாடம் நடத்த ஆசிரியர் இருக்கும்போது தலைமையாசிரியர் பணியிடம் சில மாதங்கள் காலியாகக் கிடந்தால் என்ன குறைந்துவிடும் என்று பெற்றோர் பலர் எண்ணுவது இயல்பே. குறைவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று என்பதால், அதைப் புரிந்துகொள்ள அரசுப் பள்ளி நிர்வாகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நிர்வாகம், தலைமை, கண்காணிப்பு

இந்த மூன்று சொற்களும் பேச்சில் கலந்து புழங்குகின்றன. வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், விலையில்லாப் பாடநூல் வழங்கல், இருப்புப் பதிவேடு போன்றவற்றை விதிப்படி ஒழுங்காக நடத்துவது நிர்வாகம். கற்பித்தல் எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் தேங்குகிறது என்று கண்டறிந்து, ஆசிரியர்களோடு உட்கார்ந்து அதைச் சரிசெய்வது தலைமை. வெளியிலிருந்து வரும் அலுவலர் இவ்விரண்டும் நடக்கின்றனவா என்று பார்ப்பது கண்காணிப்பு. துறையில் இதை ஆண்டாய்வு என்றும் பள்ளிப் பார்வை என்றும் சொல்கிறார்கள்.

வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 2022-23 கல்வியாண்டில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில், குழந்தைகள் அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகிறார்கள். ஒவ்வொரு நிலையிலும் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்று செயலியில் ஏற்றப்பட்டுவிட்டதா எனப் பார்ப்பது நிர்வாகம். மூன்று மாதமாக அரும்பிலேயே நிற்கும் ஐந்து குழந்தைகள் யார், அவர்களுக்கு எழுத்தே பிடிபடவில்லையா, அல்லது வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வருவதில்லையா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு, வகுப்பில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்து, அடுத்த வாரம் எதை மாற்றிச் செய்யலாம் என்று பேசி முடிவெடுப்பது தலைமை. முதல் வேலைக்குக் கெடு உண்டு, மேலிருந்து கேட்க ஆள் உண்டு. இரண்டாம் வேலையை ஓர் ஆண்டு முழுக்கச் செய்யாமல் விட்டாலும் எந்தப் பதிவேட்டிலும் அது குறையாகப் பதிவாகாது. அரசுப் பள்ளி நிர்வாகத்தின் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் கணிப்பு.

படிநிலை

தமிழ்நாட்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பள்ளிக் கல்வி இயக்ககத்தின் கீழும் வருகின்றன. மாவட்ட அளவில் முதன்மைக் கல்வி அலுவலரும் அவருக்குக் கீழ் மாவட்டக் கல்வி அலுவலர்களும் இருக்கிறார்கள். தொடக்கக் கல்வியில் மட்டும் இன்னொரு படி கீழே வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார். ஒன்றியத்துப் பள்ளிகள் அவர் பார்வையில் உள்ளன.

இந்த ஏணியே நிலையாக இருந்ததில்லை. 2018இல் அரசாணை எண் 101 தொடக்கக் கல்வியையும் இடைநிலைக் கல்வியையும் மாவட்டத்தில் ஒரே கையின் கீழ் கொண்டுவந்தது. 2022இல் அரசாணை எண் 151 அதை மாற்றி, தொடக்கக் கல்விக்குத் தனி மாவட்டக் கல்வி அலுவலரை மீண்டும் கொடுத்தது. நான்கே ஆண்டுகளில் ஒரு பள்ளியின் கோப்பு போகும் வழி இருமுறை மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொல்லப்பட்டது. ஆனால் இரண்டிலும் மாறியது தலைமையாசிரியருக்கு மேலே இருப்பவர் யார் என்பது மட்டுமே. அவர் கையில் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்வியை இரண்டு ஆணைகளும் தொடவில்லை.

தலைமையாசிரியர் ஆவது எப்படி?

பணிமூப்பே வழி. இடைநிலை ஆசிரியர் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராகவும், அங்கிருந்தும் பட்டதாரி ஆசிரியர் நிலையிலிருந்தும் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராகவும் உயர்கிறார்கள். மாவட்டக் கல்வி அலுவலர் பணிக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு வழியாகவும், வட்டாரக் கல்வி அலுவலர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு வழியாகவும் ஒரு பகுதி நேரடி நியமனம் உண்டு. தலைமையாசிரியர் நாற்காலிக்கு அத்தகைய தேர்வு கிடையாது. நல்ல ஆசிரியராக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர், பட்டியலில் தம் முறை வரும்போது கலந்தாய்வில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, மறுநாளே நிர்வாகியாகிறார்.

பணிமூப்பைக் குறை சொல்வது என் நோக்கமன்று. பரிந்துரையும் சாதியும் பணமும் நுழையாமல் தடுத்த முறை அது. கலந்தாய்வு வருமுன் இடமாறுதல்கள் எப்படி நடந்தன என்பதை மூத்த ஆசிரியர்கள் அறிவார்கள். ஆனால் அதன் விளைவாக வரும் ஒரு குறையை மறைக்கவும் கூடாது. பலர் ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும்போது அந்த நாற்காலிக்கு வருகிறார்கள். 2021இல் ஓய்வு வயது 60 ஆக உயர்ந்தது சற்றுக் காலம் கூட்டிக் கொடுத்தது. ஊரையும் ஆசிரியர்களையும் அறியவே ஓர் ஆண்டு போய்விடும் வேலையில், இரண்டோ மூன்றோ ஆண்டு மட்டும் இருப்பவர் எதைத் தொடங்கி எதை முடிப்பார்?

பயிற்சி இல்லை என்று சொல்ல முடியாது. தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தின் கீழ் 2012இல் பள்ளித் தலைமைத்துவத்துக்கென ஒரு தேசிய மையமே தொடங்கப்பட்டு, மாநிலங்களுக்குப் பாடத்திட்டமும் வழங்கிவருகிறது. பயிற்சி முடித்துத் திரும்புகிறவருக்கு அதைப் பயன்படுத்த நேரம் இருக்கிறதா என்பதே கேள்வி.

சட்டம் சொல்லும் கணக்கு

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை வாசித்தால் அதற்கு விடை கிடைக்கும்.

1. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 குழந்தைகள் வரையுள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு.

2. குழந்தைகள் 150க்கு மேல் இருந்தால்தான் ஐந்து ஆசிரியர்களுக்கு அப்பால் தனியாக ஒரு தலைமையாசிரியர்.

3. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, 100 பேருக்கு மேல் சேர்க்கை இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியர்.

தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் 150 குழந்தைகள் இல்லை. ஆகவே அங்கே தலைமையாசிரியர் என்பவர் ஆசிரியர் கணக்கிலேயே அடங்குகிறார். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அவ்விருவரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். அலுவலக உதவியாளர், எழுத்தர் எவரும் இல்லை. ஒன்றியத் தலைமையிடத்தில் கூட்டம் என்று அழைப்பு வந்தால், மீதியுள்ள ஒருவர் அன்று ஐந்து வகுப்பையும் பார்ப்பார். அவரும் விடுப்பில் இருந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவர் வர வேண்டும். அங்கே ஒரு வகுப்பு ஆளில்லாமல் போகும்.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் நிலை வேறு. அவருக்குச் சம்பளம் பெற்று வழங்கும் அதிகாரம் உண்டு. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் அந்த அதிகாரம் வட்டாரக் கல்வி அலுவலரிடம் இருக்கிறது.

ஒரு வளாகம், பல துறைகள்

வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பள்ளி என்பது ஒரு நிறுவனம். அதன் தலைவர் தலைமையாசிரியர். கோப்புகளின் வழியே பார்த்தால் அந்த வளாகம் பல துறைகள் சந்திக்கும் இடம்.

1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். பள்ளிக் கட்டடங்கள் ஒன்றியத்தின் வசமே தொடர்ந்தன. ஆகவே இன்றும் மேற்கூரை ஒழுகினால் ஊரக வளர்ச்சித் துறையின் வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் அமைப்பாளரும் சமையலரும் சமூக நலத்துறைக்கு உட்பட்டவர்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் கிராமப்புறங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். குடிநீரும் துப்புரவும் ஊராட்சியைச் சார்ந்தவை. ஆசிரியர் பயிற்றுநர் வட்டார வள மையத்திலிருந்து வருகிறார்.

இவர்களில் எவரையும் நியமிக்கவோ மாற்றவோ தலைமையாசிரியரால் முடியாது. தம் பள்ளியின் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதும் அவர் கையில் இல்லை. பொது மாறுதல் கலந்தாய்வில் யார் அந்த இடத்தை எடுக்கிறார்களோ அவர் வருவார், குழந்தைகள் எண்ணிக்கை குறைந்தால் பணிநிரவலில் ஒருவர் போவார். தொடர்ந்து வகுப்புக்கு வராத ஆசிரியர் மீது அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி 17(அ), 17(ஆ) குறிப்பாணை கொடுக்கும் அதிகாரமும் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியருக்கு இல்லை. மேலே எழுதலாம், அவ்வளவுதான். உணவில் பல்லி விழுந்தாலும், சுவர் இடிந்தாலும், மதிப்பெண் குறைந்தாலும் முதல் விளக்கம் கேட்கப்படுவது அவரிடம். அதிகாரம் இல்லாத இடத்தில் பொறுப்பை மட்டும் வைத்தால், மனிதர் தம்மைக் காத்துக்கொள்ளும் தாள்களைச் சேர்க்கத் தொடங்குவார். பல பள்ளிகளில் பதிவேடுகள் பெருகியதற்கு இதுவே காரணம். சோம்பலோ அக்கறையின்மையோ அல்ல.

பணத்தின் அளவும் இதற்கு ஏற்றபடியே இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் 101 முதல் 250 மாணவர் வரையுள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், 251 முதல் 1,000 வரை 75,000 ரூபாய், அதற்கு மேல் 1 லட்சம் ரூபாய். அதில் ஒரு பங்கு தூய்மைப் பணிகளுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். அந்தத் தொகையும் உறுதியானதன்று: ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயில் தமிழ்நாடு சேராததை ஒட்டி 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்காமல் நிறுத்தியது. தில்லிக்கும் சென்னைக்கும் இடையிலான கொள்கைப் பூசலின் சுமை, கழிப்பறைக் குழாயை மாற்றப் பணம் தேடும் தலைமையாசிரியர் மேல்தான் கடைசியில் வந்து விழுகிறது.

ஆய்வுகள் காட்டுவது என்ன?

பள்ளித் தலைவர் மாறினால் குழந்தைகளின் கற்றல் மாறுமா என்பதை வெளிநாடுகளில் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வாலஸ் அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட தொகுப்பறிக்கை, நூறு பேரின் திறன் வரிசையில் கீழிருந்து 25ஆம் இடத்தில் இருக்கும் தலைமையாசிரியருக்குப் பதில் 75ஆம் இடத்தில் இருப்பவர் வந்தால், அப்பள்ளியின் சராசரி மாணவர் ஓராண்டில் ஏறத்தாழ மூன்று மாதக் கற்றலைக் கூடுதலாகப் பெறுகிறார் என்று மதிப்பிட்டது. ஓர் ஆசிரியரின் திறமை ஒரு வகுப்பைத் தொடும், தலைமையாசிரியரின் திறமை எல்லா வகுப்புகளையும் தொடும் என்பதால் இதன் கனம் கூடுகிறது. அவர் எதைச் செய்தால் பலன் மிகுதி என்பதை, நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட தொகுப்பாய்வு பிரித்துக் காட்டியது. வளங்களை ஒதுக்குதல், இலக்கு நிர்ணயித்தல், ஒழுங்கான சூழலைக் காத்தல் ஆகிய எல்லாவற்றையும் விட, ஆசிரியர்களின் கற்றலைத் தாமே முன்னின்று நடத்தி அதில் பங்கும் பெறுவதே மாணவர் கற்றலோடு மிக வலுவாகத் தொடர்புபட்டிருந்தது.

அந்த நாடுகளின் தலைமையாசிரியர்களுக்கு இருக்கும் அதிகாரம் இங்கே இல்லாததால், அந்த எண்களை அப்படியே இங்கு பொருத்த முடியாது. நமக்கு நெருக்கமான சான்று மத்தியப் பிரதேசத்திலிருந்து வருகிறது, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அங்கே ஷாலா சித்தி என்ற பெயரில் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் பள்ளிக்கு வந்து பல கூறுகளில் அதை மதிப்பிடுவார்கள். அதன் அடிப்படையில் பள்ளி தனக்கென்று ஒரு மேம்பாட்டுத் திட்டம் எழுதும். குறுவட்ட அலுவலர்கள் அதன் முன்னேற்றத்தைப் பார்ப்பார்கள். மேலாண்மை நூல்கள் பரிந்துரைக்கும் அனைத்தும் அதில் இருந்தன. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 1,774 பள்ளிகளில் அதன் விளைவை அளந்து 2020இல் வெளியிட்டார்கள். மதிப்பீடுகள் நடந்திருந்தன, திட்டங்கள் எழுதப்பட்டிருந்தன. ஆனால் மேற்பார்வையிலோ, ஆசிரியர் வருகையிலோ, மாணவர் கற்றலிலோ எந்த மாற்றமும் இல்லை. களத்தில் பேசியபோது, அது தாள்களை நிரப்பும் இன்னொரு வேலை என்றே பெரும்பாலோர் புரிந்துகொண்டிருந்தது தெரிந்தது. அதற்குள் அந்த மாதிரி வெற்றி என்று கருதப்பட்டு, நாடெங்கும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிக்கப்பட்டிருந்தது.

அறிக்கைகளை அளவுகோலாக வைத்தால் திட்டம் முழு வெற்றி. குழந்தைகளை அளவுகோலாக வைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. தலைமையாசிரியரின் நேரத்தையோ அதிகாரத்தையோ கூட்டாமல் அவரிடம் இன்னொரு படிவத்தைக் கொடுத்தால் திரும்பக் கிடைப்பது நிரப்பப்பட்ட படிவம் மட்டுமே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் வாசித்ததில்லை.

எமிஸும் நேரமும்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி எமிஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கல்வித் தகவல் மேலாண்மை முறைமையைச் சுற்றி எழுகிறது. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண், வருகை, மதிப்பீடு, நலத்திட்டப் பொருள்கள் என எல்லாம் அதில் ஏறுகின்றன. அதன் பயனை மறுக்க முடியாது. குழந்தை ஒரு மாவட்டத்தில் நின்று இன்னொரு மாவட்டத்தில் சேர்ந்ததா என்பதை அதன் வழியேதான் அறிய முடிகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. தரவேற்றம் கல்விசார்ந்ததா, இல்லையா என்ற வாதத்தில் அந்தப் பிரிவு துணைக்கு வருவதில்லை. நடுநிலைப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களுக்கு நியமிக்கப்பட்ட பணியாளர்களிடம் இந்த வேலை ஒப்படைக்கப்பட்டது நல்ல நகர்வு. எழுத்தரே இல்லாத ஈராசிரியர் பள்ளிக்கு அத்தகைய ஆள் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழு

தலைமையாசிரியரின் சுமையைப் பகிரவும் அவரைக் கேள்வி கேட்கவும் சட்டம் ஏற்படுத்திய அமைப்பு இது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் மானியச் செலவைக் கவனிப்பதும் குழுவின் கடமைகள். தமிழ்நாட்டில் 2022இல் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது.

2022இல் காலிப் பணியிடங்களில் தற்காலிக ஆசிரியர்களை இந்தக் குழு வழியாக நியமிக்க அரசு அனுமதித்தது. இடைநிலை ஆசிரியருக்கு அப்போது அறிவிக்கப்பட்ட மதிப்பூதியம் மாதம் 7,500 ரூபாய். உள்ளூரில் உடனே ஆள் கிடைத்தது நன்மை. ஆனால் நிரந்தர நியமனம் செய்ய வேண்டிய அரசின் கடமை ஊர்ப் பெற்றோர் தலையிலும் தலைமையாசிரியர் தலையிலும் இறங்கியது. ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வருபவர் சரியாகப் பாடம் நடத்தாவிட்டால் அவரிடம் எதை வலியுறுத்துவது என்ற சங்கடமும் கூடவே வந்தது.

தீர்ப்பின் விளைவு எங்கே விழும்?

இப்போது தொடக்கக் கேள்விக்குத் திரும்பலாம். தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளில் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஐந்தாண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேறாமலேயே பணியில் தொடரலாம்; ஆனால் பதவி உயர்வு பெற முடியாது. தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு நடந்தது 2012இல். ஆகவே பணிமூப்புப் பட்டியலின் மேல்பகுதியில் இருப்பவர்கள் பெரும்பாலும் தேர்வு எழுதாதவர்கள். எழுதித் தேறியவர்கள் பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருக்கிறார்கள். இதிலிருந்து மூன்று விளைவுகளை எதிர்பார்க்கலாம்.

1. முறை வந்தவர் உயர முடியாமலும், தகுதி பெற்றவரை அவருக்கு முந்தி உயர்த்தினால் வழக்கு வரும் என்ற அச்சத்திலும் பணியிடங்கள் காலியாகவே நிற்கும். அங்கெல்லாம் மூத்த ஆசிரியர் ஒருவர் பொறுப்புத் தலைமையாசிரியர் ஆவார்.

2. பொறுப்பு வகிப்பவர் தம் வகுப்பையும் விட முடியாது. தற்காலிகமானவர் என்று அறிந்திருப்பதால் சக ஆசிரியரின் கற்பித்தலில் தலையிட அவருக்கும் தயக்கம், ஏற்க அவர்களுக்கும் தயக்கம். மேலே பிரித்துக் காட்டிய இரண்டு வேலைகளில் நிர்வாகம் எப்படியோ நடந்துவிடும், நின்றுபோவது தலைமைதான்.

3. தகுதி பெற்ற இளையவர்கள் உயர்த்தப்பட்டால், இருபது ஆண்டு மூத்தவர்கள் நிறைந்த ஓய்வறைக்கு முப்பத்தைந்து, நாற்பது வயதில் ஒருவர் தலைமையாசிரியராக வருவார். உரசல் இருக்கும். ஆயினும் அவருக்கு முன்னால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இருக்கின்றன. அத்தகைய நீண்ட காலம் ஒரு தலைமையாசிரியருக்குக் கிடைப்பது இந்தத் துறையில் அரிது.

தீர்ப்பு கொடுத்த இரண்டு ஆண்டு அவகாசம் 2027 செப்டம்பர் வரை நீள்கிறது. அந்த முடிவுக்காகக் காத்திருக்காமல் துறை இப்போதே செய்யக்கூடியவை உண்டு. பொறுப்பு வகிக்கும் ஒவ்வொருவருக்கும், வகுப்புகளைப் பார்வையிடவும் ஆசிரியர் கூட்டம் நடத்தவும் முழு அதிகாரம் உண்டு என்று எழுத்து மூலமான ஆணை தரலாம். அவர் கூட்டத்துக்குப் போகும் நாளில் அவர் வகுப்பை எடுக்க ஒன்றியத்துக்குச் சில மாற்று ஆசிரியர்களை நிரந்தரமாக ஒதுக்கலாம். கூட்டங்களை மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்து, அதையும் பள்ளி நேரம் முடிந்த பிறகோ காணொலி வழியாகவோ நடத்தலாம். இவற்றில் எதற்கும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியதில்லை. இதற்கிடையில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், தலைமையாசிரியர் கடந்த மாதம் எத்தனை நாள் வெளிக்கூட்டங்களுக்கு அழைக்கப்பட்டார், அந்நாள்களில் அவர் வகுப்பை யார் எடுத்தார் என்று கேட்டு, விடையைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதிவைக்கச் சொல்லலாம். அந்தத் தீர்மானத்தின் நகல் வட்டாரக் கல்வி அலுவலரின் மேசைக்குப் போக வேண்டும், ஏனெனில் அந்தக் கூட்டங்களுக்கு அழைப்பு அனுப்பப்படுவது அங்கிருந்துதான்.